கள்ளியும் கற்றாழையும்

(நமது சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



"கள்ளியைப்பற்றிப் பேசப் போகிறேன்" என்றதும் சிலர் முகத்தில் புன்னகை தோன்றியதைக் கண்டேன். ரோசாவும் மல்லிகையும் இருக்கக் கள்ளி எதற்கு என்பது உங்கள் எண்ணம் போலும். காரணம் சொல்கிறேன்.

நெடுங்கேணிப் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் இடம்பெயர்ந்து, 2009க்குப் பின்னர் மீண்டு வந்தன. நாங்களும் அவ்வாறு வந்தவர்களே. வந்து பார்த்தபோது வீடில்லை, பூவரசங் கதியாலுமில்லை, பற்றை மூடிக் கிடந்தது வளவு. ஆனால் தெற்கு மூலையில் என் பாட்டனார் நட்ட சதுரக்கள்ளி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. அதை வைத்தே எல்லையை அறிந்தோம். தண்ணீர் வார்ப்பாரின்றி, காப்பாரின்றி எங்கள் காணியை அது காத்து நின்றது. அன்று தொட்டு அச்செடியினத்தின்மேல் எனக்கோர் மதிப்பு.

அதே நாளில் ஒரு பாடமும் படித்தேன். அவசரத்தில் ஒரு கிளையைக் கத்தியால் வெட்ட, பால் கண்ணிலே தெறித்தது. இரண்டு நாள் கண் திறக்க முடியவில்லை. ஆதலின் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி இவற்றின் பால் கண்ணுக்குப் பெருந்தீங்கு செய்வது. பட்டால் கசக்காதீர்கள், சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். குழந்தைகள் விளையாடுமிடத்தில் இவற்றை நடவே வேண்டாம்.

நிற்க. முள்ளுள்ளதெல்லாம் ஓரினமென்று எண்ணுதல் தவறு. நம் சதுரக்கள்ளி ஒரு குடும்பம். ஆங்கிலத்தில் கக்டஸ் என்பது வேறு குடும்பம். வெட்டினாற் பால் வடிவது முன்னது. பின்னதற்கு மெத்தை போன்ற சிறு புள்ளிகளிலிருந்தே முள் எழும். கற்றாழை, பிரண்டை, மருள், இரணகள்ளி ஆகியனவும் சதைப்பற்றுச் செடிகளே. ஆனால் அவை வெவ்வேறு குடும்பத்தன. திருகுகள்ளிக்கு 1753இல் லின்னேயசு இட்ட விஞ்ஞானப் பெயரிலும் 'திருக்கள்ளி' என்னும் நம் பக்கத்து வழக்குச் சொல்லே நிற்கிறது.

கக்டஸ் குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அக்குடும்பத்தில் ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான் கடல் கடந்தும் இயற்கையாகக் காணப்படுவது. மரங்களில் தொற்றி நூல்போல் தொங்கும் ரிப்சாலிஸ் என்பது அது. ஆபிரிக்காவிலும் நம் இலங்கையிலும் அது உண்டு. நாம் நம்முடையதென்றே எண்ணும் நாகதாளியோ அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி.

விருந்தாளி வீட்டுக்காரனையே வெளியேற்றிய கதையும் இதுவே. நாகதாளி இனங்கள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிலங்களை மூடின. 1795இல் சாயத்துக்கென்று பிறேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பூச்சி கொண்டுவரப்பட்டது. அது எதிர்பார்த்த நல்லினமன்று. எனினும் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை உண்டு அழித்தது. நாகதாளியை அடக்க வேறொரு பூச்சியினம் 1924இல் இலங்கையிலும், 1926இல் தென்னிந்தியாவிலும் விடப்பட்டது. ஆயினும் புந்தல போன்ற தென்கரைக் காடுகளில் நாகதாளி இன்றும் தொல்லையே. ஒரு மடல் விழுந்த இடத்தில் வேர்விடும் செடி அது. வெட்டியதை வீதியோரத்திலோ குளக்கட்டிலோ எறியாதிருப்பது நம் கடமை.

இனி வளர்க்கும் முறை. இச்செடிகள் பகலில் இலைவாய்களை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்துச் சேர்த்துக்கொள்பவை. அதனால் நீர்ச் செலவு சொற்பம். இதை அறியாது அன்பு மிகுதியால் நாள்தோறும் தண்ணீர் வார்ப்பவரே இவற்றைக் கொல்பவர். வெயிலிற் செத்த கள்ளியைவிட வெள்ளத்தில் அழுகிய கள்ளியே அதிகம்.

அடியில் துளையுள்ள சட்டியே வேண்டும். துளைமேல் ஓட்டுத்துண்டு வைத்து, ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரு பங்கு பருமணல் கலந்து நிரப்புங்கள். பசளை சிறிதே போதும். தண்டை வெட்டியவுடன் நடாதீர்கள். நிழலில் ஒரு கிழமை வைத்து, வெட்டுவாய் காய்ந்தபின் நட்டு, சில நாள் கழித்தே நீர் விடுங்கள். பின்னர் ஒரு ஈர்க்கைச் சட்டிக்குள் செருகிப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் பொறுத்திருங்கள், காய்ந்திருந்தால் நன்றாக வாருங்கள். ஐப்பசி முதல் தை வரை மாரியடிக்கும் நம் நாட்டில் சட்டிகளைத் தாழ்வாரத்துள் எடுத்துவிடுதல் அவசியம். வெண்மாப்பூச்சி கண்டால் சவர்க்கார நீரில் தோய்த்த துணியால் துடைத்துவிடலாம்.

கடையில் சிவப்பு, மஞ்சள் உருண்டை தாங்கிய கள்ளி கண்டிருப்பீர்கள். அந்த உருண்டைக்குப் பச்சையமில்லை. தானாக உணவு ஆக்காது. கீழே ஒட்டப்பட்ட பச்சைத் தண்டே அதைச் சுமந்து ஊட்டுகிறது. சில ஆண்டுகளே வாழும். அப்பச்சைத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் இனத்தது. அக்கொடியை உறுதியான தூணில் ஏற்றினால் இரவில் மலர்ந்து பழந்தரும். வருவாய் தேடும் இளைஞர் முதலில் நாலைந்து தூணில் நட்டுப் பார்க்கலாம். கடன்பட்டுப் பெரிதாகத் தொடங்க வேண்டாம்.

அன்பர்களே, அழகுக்குச் செடி வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் கற்றாழையும் பிரண்டையும் கள்ளிமுளையானும் நம் காட்டோரத்தில் இருக்கின்றன. வேரோடு பிடுங்காமல் ஒரு துண்டெடுத்து வளவில் வையுங்கள். அவற்றின் பெயரையும் பயனையும் ஆபத்தையும் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் போனபின் கேட்பதற்கு ஆளில்லை.

என் பாட்டனார் அந்தக் கள்ளியை நட்டபோது, அது பேரனுக்கு வளவைக் காட்டிக்கொடுக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார். நாம் இன்று நடுவதும் யாருக்கு உதவுமோ, அறியோம். ஆகவே நடுவோம்.