தலைவலியும் நோய்முதலும்

(கம்பத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் சுருக்கம்)

 

தலை வலித்தால் நம் இளையோர் கை கடைக்குப்பியைத் தேடுகின்றது. நம் பள்ளத்தாக்கோ மருந்தை வாய்க்கால் கரையிலேயே வளர்த்து வைத்திருக்கின்றது. கரைதோறும் நொச்சி, மழை பெய்த கொல்லையெங்கும் தும்பை, மேலே மலையில் மிளகும் ஏலமும். இவற்றின் பெயரை மறந்தவன் பயனையும் மறக்கின்றான். மொழியிழப்பு என்பது வாயோடு நிற்பதன்று. உடலையும் வந்து தாக்குவது.

நம் முன்னோர் எல்லா வலியையும் ஒன்றாகக் கருதினாரல்லர். ஒரு பக்கம் தெறிப்பது ஒற்றைத் தலைவலி. நெற்றியில் நீர் கோத்துக் கனப்பது நீர்க்கோவை. மண்டை முழுதும் இடிப்பது மண்டையிடி. நீர்க்கோவைக்கு நொச்சியிலையும் மஞ்சளும் இட்டுக் கொதித்த நீரின் ஆவி பிடித்தனர். சுக்கைக் கல்லில் இழைத்து, இளஞ்சூட்டில் நெற்றியிற் பற்றிட்டனர். கண்ணிற் படாமற் காத்து, எரிச்சல் மிகுந்தால் உடனே கழுவிவிடல் வேண்டும்.

இவை வெறும் பாட்டி கதைகளா? 2014-இல் வெளியான ஈரான் நாட்டு ஆய்வொன்றில், ஒற்றைத் தலைவலியுற்ற 100 பேரிற் சிலர்க்குச் சுக்குத்தூளும், சிலர்க்குச் சுமாட்ரிப்டான் என்னும் மருந்தும் தரப்பட்டன. இரண்டு மணி நேரத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒத்த பயனே தந்தன. ஆயினும், வலி வாராமல் தடுக்க இஞ்சி உதவுமா என 2020-இல் பிரேசில் நாட்டார் ஆய்ந்தபோது, பயன் தென்படவில்லை. நமக்கு இனிப்பதை மட்டும் எடுத்துக் கசப்பதை மறைப்பது தமிழ்ப்பற்று ஆகாது. வெளிமச்சத்து அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலியைக் குறைப்பதாகவும் ஆய்வுகள் உள. கம்பும் கேழ்வரகும் எள்ளும் கீரையும் அச்சத்தைத் தருவன. அதனை வில்லையாக உண்ண விரும்புவோர், சிறப்பாகச் சிறுநீரக நோயுடையோர், மருத்துவரைக் கேளாது தொடுதல் கூடாது.

இனி, என் பிழையொன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன், “ஐயா, அப்பாவுக்குத் தலை பிளக்கிறது” என்று வந்தான். சுக்குப் பற்றிடச் சொன்னேன். மூன்று நாள் இட்டனர். நான்காம் நாள் அவருக்கு வியர்வை பெருகிற்று, வாயில் நீர் ஒழுகிற்று, பார்வை மங்கிற்று. மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். அவர் கருக்கலில் வண்டியேறி ஏலத்தோட்டத்தில் பூச்சிக்கொல்லி தெளித்து வந்தவர். நஞ்சு தோல்வழியே ஊறியிருந்தது. நல்வாய்ப்பாகப் பிழைத்தார். நான் நோயின் பெயரைக் கேட்டேன். அவர் செய்யும் தொழிலைக் கேட்டேனில்லை. நோய்முதல் நாடச் சொன்ன வள்ளுவரை நாள்தோறும் வகுப்பிற் கற்பித்த நான், அன்று அவரை மறந்தேன்!

தோழர்களே! ஏலமலைக்கும் கொடிமுந்திரித் தோட்டத்திற்கும் செல்லும் நம் மக்களின் தலைவலிக்குப் பற்று மருந்தாகாது. கையுறையும் முகமூடியும் வேண்டும். காற்றுக்கு எதிர்நின்று தெளித்தல் கூடாது. உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும், வீடு திரும்பியதும் உடைமாற்றிக் குளித்தலும் வேண்டும். இவற்றைத் தோட்ட உடைமையாளர் தருதல் வேண்டும். கேட்டுப் பெறுதல் நம் உரிமை.

திடீரென இடிபோல் இறங்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்டபின் வரும் வலி ஆகியவற்றுக்குக் கைம்மருந்தைத் தேடி நில்லாதீர், உடனே க. விலக்கிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ அண்மை மருத்துவமனைக்கோ விரைக! வலிக்கொல்லி வில்லைகளைத் திங்களுக்குப் பதினைந்து நாளும் அதற்கு மேலும் விழுங்கினால், அவ்வில்லைகளே தலைவலியை வளர்க்கும் என்பதையும் நினைவிற் கொள்க!

நொச்சியின் பெயரைப் பிள்ளைகட்குச் சொல்லுங்கள். அது எங்கே உதவும், எங்கே உதவாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டும் அறிந்தவனே தமிழ் மருத்துவத்தைக் காப்பான்.

வெல்க தமிழ்!