வெட்டும் கருவிகளின் வாய் கெடுவது ஏன்?

(நுவரெலியா மாவட்டக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் நாம் பலமுறை பேசியிருக்கின்றோம். நாள்தோறும் கையிற் பிடிக்கும் கத்தியைப் பற்றிப் பேசியதில்லை. இன்று அதனைப் பேச விரும்புகின்றேன்.

கத்தி வெட்டாவிடில், "மழுங்கிவிட்டது" என்று கூறி அரத்தை எடுப்பது நம் வழக்கம். ஆனால், வாய் கெடும் வகைகள் நான்கு: தேய்தல், மடிதல், உடைதல், பதமிழத்தல். ஒவ்வொன்றிற்கும் காரணம் வேறு, பரிகாரமும் வேறு.

முதலாவது தேய்தல். மலைநாட்டுப் பாறைகள் உக்கி மண்ணாகும்போது அவற்றிலுள்ள படிகக்கல் உக்காது மணலாய் எஞ்சுகின்றது. அது உருக்கைவிடக் கடினமானது. லீக்ஸ் பாத்தி கட்டும் மண்வெட்டியையும் களை சுரண்டும் சுரண்டியையும் அதுவே அராவுகின்றது. நெற்பயிரும் அத்தகையதே. அதன் தாளிலும் உமியிலும் சிலிக்கா என்னும் மணற்சத்து உண்டு. உமிச் சாம்பலின் பெரும்பகுதி அதுவேயாம். வலப்பனை வயலில் அறுக்கும் அரிவாள் மண்ணைத் தொடாமலே மழுங்குவது இதனாலேயே. தேய்ந்த வாயை வெளிச்சத்திற் பிடித்தால் வெண்கோடு ஒன்று மின்னும். இதற்கே அரம் தேவை. கருக்கரிவாளாயின், வரி கொத்தாத பக்கத்தை மட்டும் தேய்த்தல் வேண்டும். வரியுள்ள பக்கத்தைத் தேய்த்தாற் கருக்கு அழிந்துபோம்.

இரண்டாவது மடிதல். மெல்லிய வாய் ஒருபுறமாய்ச் சாய்ந்துவிடும். கத்தியின் முதுகிலிருந்து வாய்ப்புறமாக விரலை மெல்ல இழுத்தால், ஒரு பக்கத்தில் மட்டும் தட்டுப்படும். நுண்மையான தீட்டுக்கல்லிற் சில முறை தீட்டினாற் போதும். அரம் போட்டால் நல்ல இரும்பு வீணாகும்.

மூன்றாவது உடைதல். கல்லிலோ கம்பியிலோ பட்டு வாயிற் பொளிவு விழுதல். பொளிந்த இடத்தை மட்டும் அராவுவது தவறு. வாய் முழுவதையும் ஒரே சீராகத் தேய்த்துப் பொளிவை மறையச் செய்க. மீண்டும் மீண்டும் உடையுமாயின், வாய் அளவுக்கு மீறி மெலிந்துள்ளது, அல்லது கொல்லர் ஏற்றிய பதம் கூடியுள்ளது என்று அறிக. முன்னதற்கு வாயைச் சற்றுத் தடிப்பாகத் தீட்டுக; பின்னதைக் கொல்லரிடம் கொடுக்க.

நான்காவது பதமிழத்தல். இது நானே செய்த பிழை. கமத்தொழிற் பாடசாலையிற் பயின்ற காலத்தில், ஒரு கவ்வாத்துக் கத்தியை மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்தேன். வாய் நீலநிறமாயிற்று. பளபளப்பைக் கண்டு மகிழ்ந்தேன். மறுநாள் சில செடிகளை வெட்டுமுன் கூர் போய்விட்டது. உருக்கு ஏறக்குறைய 300 பாகை செல்சியசுக்குச் சூடேறும்போது அந்நிறம் தோன்றும். அப்போது அதன் கடினம் குறைந்துவிடும். ஆகவே, கை பொறுக்காத சூடு வருமுன் நீரில் தோய்த்துத் தோய்த்துத் தீட்டுக.

ஈர்வாளுக்கும் இவையே பொருந்தும். அதன் பற்கள் ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சாய்ந்திருக்கும். நுனி தேய்ந்தால் வாள் வழுக்கும். சாய்வு குறைந்தால் மரத்தில் இறுகும். முன்னதை அராவியும், பின்னதைச் சாய்வு திருத்தியும் சரிசெய்க.

தேயிலைக்குக் கவ்வாத்து சில ஆண்டுகளுக்கு ஒரு முறையே வருகின்றது. கூரான கத்தி வாதினை ஒரே வீச்சிற் சாய்வாக வெட்டும். மழுங்கிய கத்தியோ வாதினைப் பிளந்து பட்டையை உரிக்கும். அப்பிளவில் மழைநீர் தங்க, மர அழுகல் உட்புகுந்து கீழிறங்கும். பல பத்தாண்டுகள் பலன்தர வேண்டிய செடி இவ்வாறு பட்டுப்போகின்றது. கூர் இல்லாத கத்தியை அழுத்தி வெட்டுவோர் கைதவறிக் காயப்படுவதும் உண்டு.

ஆகவே, அன்பர்களே, மாலையிற் கருவியைக் கழுவித் துடைத்துச் சிறிது எண்ணெய் பூசி வையுங்கள். பனிமூட்டமுள்ள நம் நாட்டில் துரு முதலில் உண்பது மெல்லிய வாயையே. அரத்தை எடுக்குமுன் வாயை வெளிச்சத்திற் பாருங்கள். நோயை அறிந்தபின் மருந்து செய்வதே முறையன்றோ?