படத்தில் வராத கடைக்காரர்

(சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை. அன்று வேலை காரணமாக வர முடியாமற் போனவர்களும் படிக்க வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டதால், பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



ஜொகூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூரிலிருந்து என்னை அழைத்து, 'கல்வியின் அவசியம்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். எழுதியும் கொண்டு வந்தேன். ஆனால் சற்று முன் இந்த மேடையில் நடந்த மாறுவேடப் போட்டியைப் பார்த்த பிறகு அந்தத் தாளைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் வெள்ளை வேட்டி கட்டி, தலையை வழித்துச் சீவி, நிதானமாக நடந்து வந்தானே, 'நாயகன்' படத்து வேலு நாயக்கராக! அந்தப் படம் வெளிவந்தது 1987 தீபாவளிக்கு. இந்தப் பையனின் அப்பாவே அப்போது கைக்குழந்தையாக இருந்திருப்பார். ஆனாலும் என்ன கைதட்டல், என்ன விசில்! நானும் தட்டினேன். பொய் சொல்லக் கூடாது. தட்டிய பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏன் வெட்கம் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அந்த வேலு நாயக்கர் வெறும் கற்பனை மனிதர் அல்ல. வரதராஜ முதலியார் என்று ஒருவர் பம்பாயில் இருந்தார். தூத்துக்குடிக்காரர். விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். பிறகு கள்ளச் சாராயம், துறைமுகச் சரக்குத் திருட்டு என்று வளர்ந்து, தாராவியிலும் மாதுங்காவிலும் தமிழர்களுக்குப் 'பெரிய மனிதர்' ஆனார். மாதுங்கா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் போட்ட பிள்ளையார் பந்தல் ஊர் பிரசித்தம். மணிரத்னம் பம்பாயில் படித்த நாளில் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஜனங்கள் ஒரு மனிதரைத் தெய்வம் மாதிரி நினைக்கிறார்களே என்று வியந்து, அந்த வியப்பிலிருந்துதான் கதை பண்ணினார். படத்தில் நாயகன் நீதிமன்ற வாசலில் குண்டடிபட்டுச் சாகிறார். நிஜத்தில் வரதராஜன் போலீஸ் நெருக்கடி தாங்காமல் பம்பாயை விட்டுச் சென்னைக்குப் போய், படம் வெளிவந்த இரண்டு மூன்று மாதத்தில், 1988 ஜனவரியில், நோயில் செத்தார்.

ஏன் நமக்கு இப்படிப்பட்ட ஆளைப் பிடிக்கிறது? கேட்டுப் பாருங்கள். துரை வருகிறான் என்றால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற தாத்தாவின் பேரப்பிள்ளைகள் நாம். கங்காணி முறைத்தால் தலை குனிந்து, கிராணி கூலியில் பிடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நின்றவர்கள் வயிற்றில் பிறந்தவர்கள். அப்படிப்பட்டவனுக்குத் திரையில் ஒரு தமிழன் அதிகாரியின் கண்ணைப் பார்த்துப் பேசினால் உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். அது தப்பில்லை. சிங்கப்பூருக்குக் கப்பலில் வந்திறங்கிய சீனக் கூலிகள் இரகசியக் கும்பல்களில் சேர்ந்ததும் இதே காரணத்தால்தான். வந்த ஊரில் சொந்தமும் இல்லை, சர்க்காரும் அவன் பாஷை பேசவில்லை. கும்பல் பேசியது. சீனர்களுக்கென்று ஒரு பாதுகாவலர் அலுவலகத்தைப் பிரிட்டிஷார் திறந்ததே 1877-ல்தான். 1890-ல் கும்பல்களைத் தடை செய்தார்கள். தடைதான் வந்தது, கும்பல்கள் போகவில்லை. அதை நான் நேரில் கண்டேன்.

நான் வளர்ந்தது சைனாடவுனில். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரம். என் தகப்பனார் கச்சாங் பூத்தே விற்றார். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: வறுத்த கடலை, பட்டாணி, சுண்டல், முறுக்கு எல்லாம் தட்டில் அடுக்கி, பழைய புத்தகத் தாளைச் சுருள் சுற்றி, சினிமாக் கொட்டகை வாசலில் விற்பது. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களின் தொழில். முதலில் தலையில் தட்டு, பிறகு தள்ளுவண்டி. சுருள் பத்துக் காசு. எல்லாச் செலவும் போக அதில் இரண்டு காசு நின்றால் நல்ல நாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓர் ஆள் வருவான். சீனன், இருபத்தைந்து வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. அப்பா இரண்டு வெள்ளி கொடுப்பார், கூடவே ஒரு சுருள் கடலையும். அதற்குப் பெயர் காப்பிக் காசு. இரண்டு வெள்ளி என்றால் எத்தனை சுருள்? மாணவர்கள் கணக்குப் போடுங்கள். நூறு சுருள்! வாரத்தில் ஒரு ராத்திரி முழுக்க அப்பா அவனுக்காகத்தான் நின்றார். எங்கள் அக்காள் தையல் வகுப்புக்குப் போக ஆசைப்பட்டாள். மாதம் எட்டு வெள்ளி கேட்டார்கள். கணக்கு மறுபடியும் போட்டுப் பாருங்கள். அக்காள் கடைசி வரை தையல் படிக்கவில்லை.

ஆனால் அந்த வயதில் எனக்கு அவன்மேல் கோபமே இல்லை. அதுதான் விஷயம். 1968-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு ராத்திரி படம் விடுகிற நேரம், குடிவெறியில் ஒருவன் வந்து எங்கள் வண்டியைக் கவிழ்த்துவிட்டான். கடலை எல்லாம் சாக்கடையில். எங்கிருந்தோ நம்ம ஆள் வந்தான். குடிகாரனைச் சட்டையைப் பிடித்து இழுத்து நாலு அறை விட்டான். அப்பாவின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு அவன் எம்.ஜி.ஆர். மாதிரித் தெரிந்தான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவன் நடக்கிற மாதிரி நடந்து காட்டினேன்.

நாலைந்து நாள் கழித்து அப்பா என்னைக் காப்பிக்கடைக்குச் சர்க்கரை வாங்க அனுப்பினார். அங்கே மூலை மேசையில் அவனும் அந்தக் குடிகாரனும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்துச் சிரித்துக் காப்பி குடித்துக் கொண்டிருந்தார்கள். ஓடி வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சுருள் சுற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும்லே" என்றார். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை முதல் காப்பிக் காசு மூன்று வெள்ளி ஆயிற்று.

இருபது வருடம் போனது. நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் குடி வந்துவிட்டோம். 1988-ல் தேக்காவில் 'நாயகன்' கேசட் வாடகைக்கு எடுத்து வந்து அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். "நம்ம தூத்துக்குடிக்காரன் கதையாம்ப்பா" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அவரும் ஆர்வமாகத்தான் பார்த்தார். கமல் நடிப்பைப் பார்த்து "பய நல்லா நடிக்கான்" என்றார். படம் முடிந்தது. தேநீர் குடித்தார். பிறகு கேட்டார்: "ஏலே, எல்லாஞ் சரி. இவனுக்குத் துட்டுக் கொடுத்தவன் எங்கலே?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படத்தில் வாங்குகிறவர்கள் வருகிறார்கள். அரிசி வாங்குகிறவர்கள், வைத்தியத்துக்குப் பணம் வாங்குகிறவர்கள். கும்பிடுகிறார்கள், அழுகிறார்கள். கொடுத்தவன் வரவில்லை. படத்தில் பணம் கடலிலிருந்து, கடத்தல் சரக்கிலிருந்து வருகிறது. கடலுக்கு வீடு இல்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை. நிஜமான வரதராஜனின் பணம் கள்ளச் சாராயத்திலிருந்து வந்தது. அதைக் குடித்தது யார்? மாடி வீட்டுக்காரனா? நாளெல்லாம் உழைத்து ராத்திரி அலுப்புக்கு ஒரு கிளாஸ் தேடினவன். தோட்டப்புறத்து ஜனங்களுக்கு நான் இதை விளக்க வேண்டுமா? சம்சு என்றால் என்னவென்று இங்கே உள்ள பாட்டிமார்களைக் கேளுங்கள். சம்பள நாளன்று கூலி லயத்துக்கு வந்து சேருவதற்குள் எங்கே கரைந்தது என்று அவர்கள் சொல்வார்கள். அந்தச் சம்சு விற்ற ஆள் தீபாவளிக்கு இரண்டு மூட்டை அரிசி கொடுத்திருந்தால் அவனை என்னவென்று சொல்வது?

படத்தைக் குறை சொல்ல மட்டும் நான் வரவில்லை. 'நாயகன்' நல்ல படம். கமலுக்குத் தேசிய விருது கிடைத்தது நியாயமே. மகள் சாருமதி அப்பாவை எதிர்த்துக் கேட்கிறாள், வீட்டை விட்டே போகிறாள். கடைசியில் பேரன் 'நீங்க நல்லவரா கெட்டவரா' என்ற பொருளில் கேட்கும்போது கிழவருக்குப் பதில் தெரியவில்லை. எடுத்தவர்கள் மனச்சாட்சியோடுதான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் மாறுவேடப் போட்டிக்கு யாரும் சாருமதி வேஷம் போட்டு வருவதில்லையே! வேட்டியும் நடையும்தான் வருகிறது. இதற்கு இயக்குநர் பொறுப்பா, பார்க்கிற நாம் பொறுப்பா என்று எனக்கு இன்னும் குழப்பம் உண்டு. பாதிப் பாதி என்றுதான் தோன்றுகிறது.

சர்க்கார்கள் ஒரு வழி பார்த்தன, கத்தரிக்கோல் வழி. சிங்கப்பூரில் ராய்ஸ்டன் டான் என்ற இளைஞர் 2003-ல் '15' என்று ஒரு படம் எடுத்தார். நிஜமாகவே தெருக் கும்பல்களோடு திரிந்த விடலைப் பையன்களையே நடிக்க வைத்தார். தணிக்கையில் 27 வெட்டு. 2016-ல் 'கபாலி' மலேசியாவில் ஓடியபோது முடிவில் 'கபாலி போலீசில் சரணடைந்தார்' என்று எழுத்துப் போட்டார்கள். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கொட்டகையில் சிரித்தவர்களும் உண்டு. 2013-ல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டதே, அதில் நம் பையன்கள் நிறைந்த கும்பல்கள் எத்தனை! அந்த வேதனையை ஒருவரி எழுத்து ஆற்றுமா?

அதைவிட 2015-ல் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' எனக்குப் பிடித்தது. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியே வந்து விழுந்த குடும்பங்கள், அதிலே அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். அவன் கெட்டிக்காரன். ஆனால் பள்ளிக்கூடத்தில் அடி, வீட்டில் அடி. தட்டிக் கொடுக்கிறவர்கள் கும்பலில்தான் இருக்கிறார்கள். பன்னிரண்டு வயதில் வண்டி கவிழ்ந்த ராத்திரி எனக்கு எப்படி இருந்தது என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆசிரியர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். பிரம்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பிரபலமான ஆளின் கதையைப் படமாக்கினால் அவர் வீட்டார் வக்கீல் நோட்டீஸ் விடுகிறார்கள். 'காலா' படத்துக்கு 2017-ல் ஹாஜி மஸ்தானின் வளர்ப்பு மகன் விட்டார். அது அவர் கதையே இல்லை என்று படத் தரப்பு மறுத்தது. ஆட்டோ சங்கர் தன் கதையை 'நக்கீரன்' பத்திரிகையில் எழுதப் போக, வழக்கு டெல்லி உச்ச நீதிமன்றம் வரை போய், 1994-ல் பெரிய தீர்ப்பே வந்தது. ஆனால் அடிபட்டவன் வீட்டில் யார் போய் 'உங்களைப் பற்றிப் படம் எடுக்கலாமா' என்று கேட்கிறார்கள்?

சிங்கப்பூருக்குத் தெற்கே புலாவ் செனாங் என்று ஒரு தீவு. இரகசியக் கும்பல் ஆட்கள் என்று விசாரணையில்லாமல் அடைத்து வைத்திருந்தவர்களை 1960 முதல் அங்கே கொண்டுபோய், வேலை கொடுத்துத் திருத்தப் பார்த்தார்கள். 1963 ஜூலை 12-ந் தேதி கலவரம். கண்காணிப்பாளர் டேனியல் டட்டனையும் அவர் துணை அதிகாரிகளையும் வெட்டிக் கொன்றார்கள். 58 பேர்மேல் வழக்கு. 18 பேரை 1965 அக்டோபர் 29-ல் தூக்கிலிட்டார்கள். அங்கே செத்த அதிகாரிகளில் ஒருவர் பெயர் ஆறுமுகம் வீரசிங்கம். நம்மவர். சம்பளத்துக்குத் தன் வேலையைச் செய்யப் போனவர். வீரசிங்கம் கதாநாயகனாக வரும் தமிழ்ப் படம் எதையும் நான் பார்த்ததில்லை.

பெற்றோர்களே, படத்தைப் பார்க்காதே என்று பிள்ளையை அடிக்காதீர்கள். கைப்பேசியில் ஒளிந்து பார்க்கும். கூட உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் என் அப்பா கேட்டதைக் கேளுங்கள், அவ்வளவுதான். மாறுவேடம் போட்ட தம்பி, நீ எங்கேயப்பா? முகத்தைத் தொங்கப் போடாதே. நன்றாக நடந்தாய். பரிசு உனக்குத்தான், நானே தருகிறேன். அடுத்த வருடம் கடலை விற்கிறவனாக வா. தட்டும் தாளும் நான் கொண்டு வருகிறேன், சுருள் சுற்றவும் கற்றுத் தருகிறேன். அது அவ்வளவு சுலபம் இல்லை, தெரியுமா? அடி ஒழுகக் கூடாது.

தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதோ முடித்துவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கிரேத்தா ஆயர் சதுக்கத்தில், கிழவர்கள் சீனச் சதுரங்கம் ஆடுகிற இடத்தில், ஓர் ஆளைப் பார்த்தேன். எண்பது வயது தாண்டியிருக்கும். கையில் தடி. ஆனால் சட்டை மடிப்புக் கலையவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, கொட்டகை வாசலில் கச்சாங் பூத்தே விற்றவரின் மகன் நான் என்று மலாயில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "அந்த அங்கிளா! ரொம்ப நல்ல மனுஷன்" என்றார். "ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குச் சும்மா கடலை கொடுப்பார்."