காலந் தாழ்த்தித் திறந்த கதவு
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மேனாட்டுச் சங்கீத மேடையில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். மிஷன் பாடசாலையிற் படித்தவன், பியானோவின் ஓசை காதிற் பட்டவன், ஆகவே இவனுக்கு ஏதேனும் தெரிந்திருக்கும் என்று செயலாளர் எண்ணினார் போலும். நான் சங்கீத வித்துவான் அல்லன். படித்தும் கேட்டும் அறிந்ததைச் சொல்லிப் போக வந்தவன். குற்றங்குறை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்வார்களாக.

மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்திற் பாடகர்க்கு இரண்டு மேடைகள் உண்டு. ஒன்று ஓபரா எனப்படும் இசை நாடகம். அங்கே பாடகர் வேடந் தரித்து நடித்துக்கொண்டே பாடவேண்டும். மேடைக்கு முன்னே பல பத்து வாத்தியங்கள் முழங்கும். ஒலிபெருக்கி கிடையாது. அத்தனை முழக்கத்தையுந் தாண்டி, கடைசி வரிசையில் இருப்பவர் காதிலும் அந்தக் குரல் சென்று விழவேண்டும். மற்றது கச்சேரி மேடை. அங்கே வேடமில்லை, திரையில்லை. பக்கத்தில் ஒரு பியானோ மாத்திரம். நமது பாடகர் இராகத்தை ஆலாபனை செய்து தம் கற்பனைப்படி விரிப்பார். அவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. எழுதிய சுரத்தை எழுதியபடியே பாடி, பொருளைக் குரலின் மென்மையாலும் வன்மையாலும் விளக்கவேண்டும். ஜெர்மன், இத்தாலியன், பிரெஞ்சு முதலிய மொழிகளையும் உச்சரிப்புப் பிழையின்றிக் கற்கவேண்டும்.

இரு மேடைக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. வீணையை உறையிலே போட்டு வைத்துப் பல வருடங்களின் பின் எடுத்து வாசிக்கலாம். குரலை அவ்வாறு வைக்க முடியாது. அது உடம்போடு வளர்ந்து, உடம்போடு முதிர்ந்து, உடம்போடு தளர்வது. ஏறத்தாழ முப்பது வயதிலிருந்து ஐம்பது வயது வரையில் அதன் நற்காலம். இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு, மரியன் அண்டர்சன் என்னும் அம்மையாரின் வரலாற்றைக் கேளுங்கள்.

அவர் 1897ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரிலே பிறந்தார். கறுப்பினக் குடும்பம். தந்தையார் பனிக்கட்டியும் கரியும் விற்றவர். மகளுக்குப் பன்னிரண்டு வயதான காலத்தில் அவர் காலமானார். தாயார் பிறர் துணிகளைச் சலவை செய்தும் வீடுகளைத் துப்புரவு செய்தும் மூன்று பெண் பிள்ளைகளை வளர்த்தார். சிறுமி மரியன் தேவாலயப் பாடகர் குழுவிலே பாடினாள். பெண் குரல்களில் மிகத் தாழ்ந்ததும் ஆழ்ந்ததுமான கொன்ட்றால்ற்றோ என்னுங் குரல் அவளுக்கு இயல்பாய் அமைந்திருந்தது. தேவை ஏற்பட்டால் மேற்குரலையும் பாடுவாள், ஆண்களின் பகுதியையுந் தாங்குவாள்.

முறையாகச் சங்கீதம் பயில விரும்பி நகரத்திலிருந்த ஒரு சங்கீதப் பாடசாலைக்குச் சென்றாள். வரிசையிலே நின்றாள். பின்னால் நின்றவர்களெல்லாம் அழைக்கப்பட்டார்கள். இறுதியில் நிறத்தவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை என்று அங்கிருந்த பெண் சொல்லிவிட்டாள். குரலைக் கேட்கவுமில்லை. அவளுடைய தேவாலயத்து மக்களோ, ஏழைகளாயிருந்தும், காசு காசாகச் சேர்த்து அவள் படிப்புக்குக் கொடுத்தார்கள். அந்த உதவியாலே கியுசெப்பே பொகெற்றி என்ற ஆசிரியரிடம் அவர் பயின்றார்.

1925ஆம் ஆண்டில் நியூயோர்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழு சம்பந்தப்பட்ட போட்டியிலே முதலிடம் பெற்று, ஓகஸ்ட் 26ஆந் திகதி அக்குழுவுடன் பாடினார். நல்ல விமர்சனங்கள் வந்தன. ஆனால் அழைப்புக்கள் அதற்கேற்ப வரவில்லை. முந்திய ஆண்டிலே அவருடைய கச்சேரி ஒன்றைக் கேட்ட விமர்சகர் அவருடைய ஜெர்மன் உச்சரிப்பைக் குறை கூறியிருந்தார். அந்தக் குறையை அவர் மறுக்கவில்லை. கற்கத் துணிந்தார். ரோசன்வால்ட் நிதியத்தின் உதவியுடன் ஐரோப்பா சென்று ஜெர்மன் மொழியையும் அம்மொழிப் பாடல்களையும் ஊன்றிப் படித்தார்.

ஐரோப்பா அவரை வேறு விதமாக வரவேற்றது. சுவீடன், நோர்வே, பின்லாந்து முதலிய வடநாடுகளில் அவருடைய கச்சேரிகளுக்கு மக்கள் திரண்டார்கள். பின்லாந்தின் மகா இசைப் புலவரான சிபேலியஸ் அவர்கள் தமது இல்லத்தில் அவர் பாடக் கேட்டு, என் வீட்டுக் கூரை உம்முடைய குரலுக்கு மிகத் தாழ்வானது என்றார். 1935ஆம் ஆண்டில் சால்ஸ்பேர்க் நகரில் அவர் பாடக் கேட்ட தொஸ்கனினி என்னும் பேர்பெற்ற இசை நடத்துநர், இத்தகைய குரல் நூறாண்டுக்கு ஒரு முறையே கேட்கக் கிடைப்பது என்று கூறினார். அப்போது அம்மையாருக்கு வயது முப்பத்தெட்டு. குரல் முழு மலர்ச்சியில் இருந்த காலம்.

அதே ஆண்டு டிசம்பர் 30ஆந் திகதி நியூயோர்க்கிலே மீண்டும் மேடையேறினார். வரும் வழியிற் கப்பலில் விழுந்து காலெலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்ட காலை நீண்ட ஆடையால் மறைத்து, நின்றபடியே பாடி முடித்தார். அதன்பின் வருடத்துக்கு ஏறத்தாழ 70 கச்சேரிகள். ஆயினும் பாடி முடித்த ஊரிலே படுக்க இடங் கிடைப்பது அரிதாயிருந்தது. 1937ஆம் ஆண்டில் பிரின்ஸ்ரன் நகரில் கச்சேரி செய்தபோது தங்குமனையில் இடம் மறுத்துவிட்டார்கள். விஞ்ஞானி ஐன்ஸ்ரைன் அவர்களே தமது வீட்டில் அவருக்கு இடங் கொடுத்தார்.

1939ஆம் ஆண்டு நிகழ்ச்சியை உங்களிற் பலர் அறிந்திருக்கலாம். வொஷிங்டன் நகரிலுள்ள கொன்ஸ்ரிரியூஷன் மண்டபத்திற் கச்சேரி வைக்க ஹவார்ட் பல்கலைக்கழகத்தார் இடங் கேட்டார்கள். அம்மண்டபத்துக்குச் சொந்தக்காரர், அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்னுஞ் சங்கத்தார். வெள்ளையினக் கலைஞர்க்கு மாத்திரமே மண்டபம் என்பது அவர்கள் வைத்திருந்த நிபந்தனை. மறுத்துவிட்டார்கள். ஜனாதிபதியின் மனைவியாரான எலினோர் ரூஸ்வெல்ற் அவர்கள் அந்தச் சங்கத்திலிருந்து விலகினார். அரசாங்கத்தின் அனுமதியுடன் ஆபிரகாம் லிங்கன் நினைவாலயத்தின் படிகளில், திறந்த வெளியிலே, ஏப்ரில் 9ஆந் திகதி ஈஸ்டர் ஞாயிறன்று கச்சேரி நடைபெற்றது. 75,000 பேர் கூடினார்கள். வானொலி மூலங் கேட்டவர் எண்ணிறந்தோர்.

அன்று அவர் பாடியவற்றை நோக்குங்கள். நாட்டு வாழ்த்துப் பாடலொன்று, ஷூபேர்ட் இயற்றிய மரியன்னை துதி, அடிமைகளாயிருந்த தம் முன்னோர் பாடிய பக்திப் பாடல்கள். இவற்றோடு டொனிசெற்றி என்பாரின் இசை நாடகமொன்றிலிருந்து ஒரு பெரும் பாட்டையும் பாடினார். இசை நாடகத்துக்கென்று கட்டிய அரங்குகள் அவருடைய நாட்டிலே பல இருந்தன. நூறாண்டுக்கு ஒரு முறை கேட்கத்தக்க குரல் என்று உலகம் ஒப்புக்கொண்ட குரல் அந்தப் பாட்டைப் பாடியதோ குளிர்காற்று வீசிய கற்படிகளிலே. வயது நாற்பத்திரண்டு.

இனி, அரங்குக் கதவு எப்பொழுது திறந்தது? 1955ஆம் ஆண்டு ஜனவரி 7ஆந் திகதி. நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் ஓபரா அரங்கிலே, வேர்டி இயற்றிய முகமூடி நடனம் என்னும் நாடகத்தில், உல்றிகா என்ற குறிகாரியின் வேடத்தில் அவர் தோன்றினார். அவ்வரங்கிலே முக்கிய பாத்திரமேற்றுப் பாடிய முதற் கறுப்பினக் கலைஞர் அவரே. திரை விலகியதும், அவர் வாய் திறக்குமுன்னரே சபை கரகோஷஞ் செய்தது. பத்திரிகைகள் வாழ்த்தின.

அன்பர்களே, அன்று அவருக்கு வயது ஐம்பத்தேழு. அந்தப் பாத்திரம் ஒரு காட்சியில் வந்து போவது. அவர் வாழ்நாளில் ஓபரா மேடையில் ஏற்ற பாத்திரமும் அது ஒன்றே. குரல் தன் நற்காலத்தைக் கடந்துவிட்டது என்பதை அன்று கேட்டவர்களும் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை.

இக்கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு நீதியோடு முடிப்பார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார், விடாமுயற்சி வெற்றி தரும் என்பார்கள். அவருடைய பொறுமையை நானும் வணங்குகிறேன். ஆனால் அந்தப் பொறுமைக்குக் கொடுத்த விலையை எவரும் கணக்கிடுவதில்லை. முப்பத்தைந்து வயதில் அவர் அந்த மேடையிற் பாடியிருக்கக்கூடிய பாத்திரங்கள் எங்கே? அவற்றை எந்த இசைத்தட்டிலும் தேடிக் காண முடியாது. கதவு பின்னர் திறந்ததினாலே அவை திரும்பி வரவில்லை. கடனை வட்டியோடு திருப்பலாம். ஒரு குரலுக்கு மறுத்த இருபது வருடங்களை எந்த வட்டியோடும் திருப்ப முடியாது.

இதனை இன்னொருவர் வாழ்க்கையோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். 1936ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் மரியன் அண்டர்சன் பாடிய கச்சேரிக்கு ஒரு தாய் தன் ஒன்பது வயது மகளை அழைத்துச் சென்றாள். அந்தச் சிறுமியின் பெயர் லியொன்ரீன் பிறைஸ். 1961ஆம் ஆண்டு ஜனவரி 27ஆந் திகதி அவர் அதே மெற்றோபொலிற்றன் அரங்கில் முதன்முறை பாடியபோது வயது முப்பத்துமூன்று. ஏறத்தாழ நாற்பது நிமிடம் கரகோஷம் ஓயவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். 1985ஆம் ஆண்டில் ஓபரா மேடையிலிருந்து விடைபெறும் வரையில், இருபத்துநான்கு வருடங்கள் அவ்வரங்கு அவருடைய குரலைக் கேட்டது. ஒருவருக்கு ஐம்பத்தேழில் திறந்த கதவு மற்றவருக்கு முப்பத்துமூன்றில் திறந்திருந்தது. மூத்தவர் இழந்தது எத்துணை என்பதற்கு இளையவர் பெற்றதே அளவுகோல்.

அம்மையார் வசை பேசவில்லை. அதனால் அவர் சும்மா இருந்தார் என்றும் எண்ணவேண்டாம். கறுப்பினத்தவர்க்கு மண்டபத்தின் மூலையில் மாத்திரம் இடங் கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்து, முன் வரிசை முதற் கடைசி வரிசை வரை எல்லாப் பகுதிகளிலும் அவர்கட்கு ஆசனம் வேண்டும் என்றார். பின்னர், பிரித்திருத்திய சபையிலே பாடவே மறுத்தார். 1943ஆம் ஆண்டில் அந்தக் கொன்ஸ்ரிரியூஷன் மண்டபத்தார் தாமே அவரைப் போர்க்கால நிவாரணக் கச்சேரிக்கு அழைத்தார்கள். சென்று பாடினார். 1957ஆம் ஆண்டில் ஆசிய நாடுகளிற் பிரயாணஞ் செய்தபோது இந்தியாவிலே காந்தியடிகளின் நினைவிடத்துக்குச் சென்று அஞ்சலி செய்தார். 1964ஆம் ஆண்டில் தமது விடைபெறுங் கச்சேரிப் பயணத்தைத் தொடங்குவதற்கும் தமக்குக் கதவடைத்த அதே மண்டபத்தையே தேர்ந்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரில் 8ஆந் திகதி, தொண்ணூற்றாறாம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார். 2024ஆம் ஆண்டில் பிலடெல்பியா வாத்தியக் குழுவின் மண்டபத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள். வரிசையில் நின்ற சிறுமியைத் திருப்பியனுப்பிய நகரம், நூறாண்டு கழிந்து அவளுடைய பெயரைத் தன் நெற்றியில் எழுதிக்கொண்டது.

உமது வாழ்விலே மிக மகிழ்ந்த வேளை எது என்று ஒரு நிருபர் அவரைக் கேட்டாராம். தொஸ்கனினியின் பாராட்டையோ லிங்கன் படிகளையோ அவர் சொல்லவில்லை. அம்மா, இனி நீங்கள் பிறர் துணி துவைக்க வேண்டியதில்லை என்று தம் தாயாரிடஞ் சொன்ன வேளையே என்றார்.

இளைஞர்களுக்கு நான் கூறுவது சிறிது. கதவு அடைத்திருந்த காலத்திலும் அவர் சாதகத்தை விட்டாரில்லை. குறை கூறப்பட்ட மொழியைக் கற்றார். ஆகையினாற்றான் கதவு திறந்த நாளில் உள்ளே செல்ல ஆள் இருந்தது.

பெரியோர்களுக்கு அறிவுரை கூறும் வயது எனக்கில்லை. ஒரு விண்ணப்பம் மாத்திரம் உண்டு. எந்த ஊரிலும் மண்டபங்களின் திறப்பு பெரியோர் கையிலேதான் இருக்கிறது. யார் பாடலாம், யார் படிக்கலாம், யார் எங்கே நிற்கலாம் என்று தீர்மானிப்பவர்கள் அவர்களே. காலம் வரட்டும், பார்க்கலாம் என்று சொல்வது எளிது. சொல்லும்போது, எதிரே நிற்கும் பிள்ளையின் காலம் கழிந்துகொண்டிருக்கிறது என்பதையும் நினைத்தருள வேண்டுகிறேன்.