பல் போனால் சொல் போச்சா?



'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் படிப்பித்து வருகிறேன். இப்பழமொழியை விளக்குக என்று எத்தனையோ மாணவரைக் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் எனக்கே விளங்கியது சென்ற மாரியிலேதான். மழைநாளொன்றில் மதகடியில் சைக்கிள் சறுக்கியது. மேல்வரிசை முன்பல்லொன்று மதகுக் கட்டில் மோதி வேர்வரை வெடித்துவிட்டது. காப்பாற்ற வழியில்லையென்று பல் வைத்தியர் அதைப் பிடுங்கி எடுத்தார். நாற்பத்தேழு வயதில் நான் ஓட்டைப்பல்லனானேன்.

தமிழாசிரியனுக்கு முன்பல் ஒரு தொழிற்கருவி. நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியைச் சேர்வதால் தகரமும் நகரமும் பிறக்கின்றன என்றும், மேற்பல்லும் கீழுதடும் கூடுவதால் வகரம் பிறக்கிறது என்றும் தொல்காப்பியர் பிறப்பியலிலே வகுத்து வைத்திருக்கிறார். எனக்கோ பல் போன வழியாலே காற்றும் போயிற்று. 'சிவசிவா' என்றால் சீழ்க்கையொலி கேட்டது. நான் கையால் வாயை மறைத்துக்கொண்டேன். கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினேன். கலியாண வீடொன்றில் புகைப்படக்காரரைக் கண்டதும் சமையற்பக்கம் போய் நின்றுகொண்டேன். உயர்தர வகுப்புக்கு எழுத்துக்களின் பிறப்பைப் படிப்பிக்க வேண்டியிருந்தது. அதை அடுத்த கிழமை, அடுத்த கிழமையென்று ஒத்திவைத்து வந்தேன்.

ஒரு பல்லுக்கு இவ்வளவு துக்கமா என்று நேயர்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் கால்களை இழந்தவர்களும் வாழ்கின்ற மண்ணிலே, ஒரு பல்லை நினைத்து மனம் நோவது வெட்கக்கேடாகப் பட்டது. ஆகவே எவரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் துக்கம் குறைந்ததா என்றால், இல்லை. துக்கத்தோடு வெட்கமும் சேர்ந்து இரண்டாயிற்று.

நமது இலக்கியங்களும் எனக்குக் கைகொடுக்கவில்லை. எயிற்றை முத்தென்றும் முல்லையரும்பென்றும் புலவர்கள் பாடினார்கள். முத்து உதிர்ந்த பிறகு என்ன செய்வதென்று அவர்கள் சொல்லவில்லை. நாலடியார் சொல்கிறது. ஆனால் இளமை நிலையாமையிலே சொல் தளர்ந்து, கோலூன்றி, பல் கழன்ற முதுமையைப் பற்றியல்லவா சொல்கிறது! மூன்றில் இரண்டு எனக்கு வாய்த்துவிட்டன. கோல் ஒன்றுதான் பாக்கி.

பல் முளைக்கும்போது நாம் எவ்வளவு கொண்டாடுகிறோம்! தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல நறுக்கிப் பதித்த கொழுக்கட்டையை அவித்து, பிள்ளையின் தலையிலே சொரிந்து, அயலையெல்லாம் கூப்பிட்டு மகிழ்கிறோம். பாற்பல் விழுந்தால் அதைக் கூரையிலே எறிவதும் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. வளர்ந்தவனின் பல் போகும்போது மட்டும் எந்தச் சடங்கும் இல்லை. வைத்தியசாலைக் கிண்ணத்திலே 'ணங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

புண் ஆறி முரசு இறுகும்வரை சில கிழமைகள் பொறுத்திருந்து பல்லுக் கட்டினேன். அண்ணத்தோடு பொருந்துகிற இளஞ்சிவப்பு அக்கிரிலிக் தகடு, மற்றப் பற்களைக் கவ்விப் பிடிக்க இரண்டு கம்பிக் கொளுக்கிகள், முன்னாலே ஒரேயொரு பல். வாயில் வைத்ததும் உமிழ்நீர் ஊறியது, ஓங்காளம் வந்தது. தேநீரின் சூடு அண்ணத்திலே தெரியவில்லை. கறுத்தக்கொழும்பானைக் கடித்துச் சூப்பிய காலம் போய், கத்தியால் வெட்டிக் கிண்ணத்தில் வைத்துச் சாப்பிடும் காலம் வந்தது. சொல்லோ இன்னும் மோசம். முன்பு காற்றாய்ப் போன தகரம் இப்போது தடித்து வந்தது. இரவிலே தகட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். மனைவியின் கண்ணில் படாதபடி அந்தக் குவளையை யன்னற் கட்டிலே பழைய பத்திரிகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அதைக் கண்டுபிடித்தவர் என் தாயார். எண்பது வயது, வாய் முழுவதும் கட்டின பல்.

"தம்பி, உதை ஏன் ஒளிக்கிறாய்? எனக்குப் பல்லுக் கட்டின மூட்டம் நான் மூண்டு நாள் அழுதனான். உங்கள் ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா பல்லுக் கட்டியபோது நான் பல்கலைக்கழக மாணவன். விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன் அவர் பல்லைக் கழற்றிக் கழுவுவதைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார். திரும்பிப் போய் விடுதி நண்பர்களுக்கும் அதை ஒரு பகிடியாகச் சொன்னேன். அந்தச் சிரிப்பின் பின்னால் மூன்று நாள் அழுகை இருந்ததை அறிவதற்கு எனக்கு ஒரு பல் போகவேண்டியிருந்தது.

"அப்ப எனக்குச் சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன்.

"பல்லுக்கு அழுதனான் எண்டு எப்பிடியடா சொல்லுறது?" என்றார்.

அன்றைக்கே குவளை வெளியில் வந்தது. சத்தமிட்டு வாசித்துப் பழகுங்கள் என்று பல் வைத்தியர் சொல்லியிருந்தார். நாள்தோறும் பின்னேரம் அம்மாவுக்கு முன்னால் இருந்து பத்திரிகையை உரத்து வாசித்தேன். பிழைத்த சொல்லை அவர் திரும்பச் சொல்லவைத்தார். ஐந்து வயதில் எனக்கு 'அ' எழுதப் பழக்கியவரும் அவர்தான். இரண்டு கிழமையில் தகரம் இளகியது. சகரம் மட்டும் இடைக்கிடை குழப்படி செய்தது.

பிறகு, ஒத்திவைத்த பாடத்தை எடுத்தேன். வகரம் எங்கே பிறக்கிறது என்று வாயால் விளக்கிவிட்டு, ஒரு கணம் தயங்கி, மறுபக்கம் திரும்பித் தகட்டைக் கழற்றினேன். மாணவரைப் பார்த்து 'வந்தான், தந்தான், நின்றான்' என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன், கையை வாயில் வைக்காமலே. பின்வாங்கிலிருந்து ஒருவன், "சேர், இப்பப் போட்டுட்டுச் சொல்லுங்கோ" என்றான். போட்டுக்கொண்டு சொன்னேன். அன்றைக்குப் பிறப்பியல் எல்லாருக்கும் விளங்கியது.

நேயர்களே, சிறிய இழப்புக்கும் துக்கம் உண்டு. பெரிய இழப்புக்களைக் காட்டி அதன் வாயை அடைக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் கட்டின பல்லோடு ஒருவர் இருக்கக்கூடும். அவர் அழுதாரா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பேச்சிலே எங்கேனும் ஒரு சகரம் சீழ்க்கையடித்திருந்தால் பொறுத்தருளுங்கள்.