மேஜை, மேடை, உடம்பு

(சேவூரில் பனியன் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மூன்று: காரியாலய வேலை, மேடைப் பேச்சு, உடம்பைப் பேணுவது. "களையெடுக்கிறவளுக்கும் கைமடிக்கிறவனுக்கும் இதில் என்ன இருக்கிறது? நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சமாச்சாரம் அல்லவா?" என்று சிலர் நினைக்கலாம். இல்லை தோழர்களே, இந்த மூன்றும் நம்முடைய விஷயம்தான். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் காரியாலயம். காலையில் இங்கே கம்பெனி வேன் ஏறுகிறவர்கள் எல்லோரும் தையல் மிஷினுக்குப் போகிறவர்கள் அல்ல. கடலைக்காய் ஆய்ந்து பிள்ளையைப் படிக்க வைத்த தாயின் மகள் இன்று பனியன் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறாள். ஓவர்லாக் டெய்லருக்கு அவள் 'ஆபீஸ்காரி'. அவளுக்கு அவர் 'லேபர்'. நடுவே ஒரு கண்ணாடிக் கதவு. ஆனால் ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது பாருங்கள்! செக்கிங் பெண்ணும் ராத்திரி வெகுநேரம் நிற்கிறாள். பேக்கிங் லிஸ்ட் அடிக்கிற பெண்ணும் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்திக்குக் கால் வீங்குகிறது, இன்னொருத்திக்குக் கழுத்து வலிக்கிறது. இருவரையும் ஆட்டி வைப்பது ஒரே கடிகாரம்.

ஆபீஸ் என்றால் நம்மில் பலருக்கு ஒரு கூச்சம். அங்கே இருப்பது என்ன? கணக்கு. எத்தனை ஷிப்ட், எத்தனை பீஸ், எவ்வளவு முன்பணம், பி.எப். பிடித்தது எவ்வளவு என்கிற கணக்கு. அது நம் வியர்வையின் கணக்கு. அதை நாமும் ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்தால், சனிக்கிழமை சம்பளத்தில் குறைந்ததைக் கேட்க வாய் வரும். நோட்டு இல்லாதவன் கேட்டால் அது புகார். நோட்டு உள்ளவன் கேட்டால் அது கணக்கு.

இனி மேடை. "எனக்குப் பேச வராதுங்க" என்று சொல்லாத தொழிலாளி உண்டா? இதற்குப் பதிலாக ஒரு பழைய சரித்திரத்தைச் சொல்லுவோம். சென்னை பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு பொறாத இருவர், செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். சிறு வியாபாரிகள், பெரிய படிப்பாளிகள் அல்ல. 1918ல் அவர்கள் 'நியூ இந்தியா' பத்திரிகைக் காரியாலயத்துக்கு நடந்து போய் பி. பி. வாடியாவிடம் முறையிட்டார்கள். அந்த வருஷம் ஏப்ரல் 27ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா பேசியது ஆங்கிலம். தொழிலாளர் நெஞ்சில் பதியும்படி தமிழில் பேசத் திரு. வி. கலியாணசுந்தரனார் முன் வந்தார். மேடைத் தமிழ் மில் வாசலுக்கு வந்தது அப்படித்தான்.

அங்கே எழுந்த முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற அரை மணி நேரம் போதவில்லை என்பது! சோற்றை மென்று விழுங்க நேரமில்லை என்கிற உடம்பின் குறை ஒரு காரியாலயத்தில் சொல்லப்பட்டது, மேடையில் பேசப்பட்டது, ஒரு சங்கமாயிற்று. நாம் சொன்ன மூன்றும் எங்கே கை கோக்கின்றன என்று இப்போது விளங்குகிறதா?

ஆகவே, பேச்சுக்கு அலங்காரம் வேண்டாம். மூன்று விஷயம் போதும். என்ன நடந்தது? எத்தனை பேருக்கு, எத்தனை நாளாக? நாம் கேட்பது என்ன? மூன்று நிமிஷத்தில் முடித்து உட்காருங்கள். கால் நடுங்கினால் நடுங்கட்டும். பேசுகிற எல்லோருக்கும் நடுங்கும். திருப்பூர்த் தொழிலாளி 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலை நிறுத்தம் செய்தான். பேச்சும் கணக்கும் இல்லாமல் அத்தனை நாள் ஒரு போராட்டம் நிற்குமா?

கடைசியாக உடம்பு. 1700ம் வருஷத்தில் இத்தாலி தேசத்து வைத்தியர் ராமசீனி, தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமான கேள்விகளோடு "உனக்கு என்ன தொழில்?" என்றும் கேட்க வேண்டும் என்றார். உட்கார்ந்தே தைக்கிற தையல்காரர் படும் பாட்டையும் அன்றே எழுதி வைத்தார்.

1953ல் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவரது கூட்டாளிகளும் மாடி பஸ் தொழிலாளரைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். மாரடைப்பு கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கே அதிகம் என்று கண்டார்கள். உடம்பைச் செய்கிற வேலையே வடிக்கிறது. நோய்க்கெல்லாம் சோம்பல்தான் காரணம் என்று சொல்வது தவறு.

நம் ஊரில் பாருங்கள். டெய்லருக்கு உட்கார்ந்த இடம், அயர்னிங்காரருக்கு நின்ற இடம், களையெடுக்கிற அம்மாளுக்குக் குனிந்த இடம். ஒரே நிலையில் இருப்பதுதான் மூவருக்கும் பகை. உட்கார்ந்தவர் மணிக்கொரு தரம் எழுந்து கையை நீட்டி மடக்குங்கள். நின்றவர் சற்று உட்காருங்கள். குனிந்தவர் நிமிர்ந்து நில்லுங்கள், நிழலில் தண்ணீர் குடியுங்கள்.

ஆனால் உபதேசம் மட்டும் போதுமா? பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பாரே என்று தண்ணீரே குடிக்காமல் பகலைத் தள்ளுகிற பெண்கள் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பு வந்த பிறகு மருந்து கொடுத்து என்ன பயன்? நின்று வேலை செய்கிறவர்கள், இடையில் ஓய்வு கிடைத்தால் உட்கார ஆசனம் வேண்டும் என்று 1948ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே எழுதியது. கடைச் சிப்பந்திகள் உட்காரும் உரிமைக்குத் தமிழ்நாட்டில் 2021ல்தான் சட்டம் வந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம்!

வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நல்ல யோசனை. ஒன்றரை ஷிப்ட் முடித்து, வேன் இறங்கி, சோறாக்கிப் போட்டுப் படுக்கிறவள் அந்த நிமிஷத்தை எங்கே தேடுவாள்? ஆரோக்கியத்துக்கு முதல் மருந்து நேரம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்த திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் நிறைவேறியது. "வாரத்துக்கு 48 மணிதானே" என்றார்கள். உடம்பு வாரக் கணக்கிலா களைக்கிறது? நாள் கணக்கில் களைக்கிறது! தொழிற்சங்கங்கள் எதிர்த்துப் பேசின. அந்த வருஷ மே தினத்தன்று அதை வாபஸ் வாங்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். பேச்சு பத்திரமாகக் காத்தது எதை? நம் உடம்பை!

தோழர்களே! வலி நம் உடம்பில் இருக்கிறது. அதைக் கணக்காக்க ஒரு நோட்டு வேண்டும், சபையில் வைக்க ஒரு வாய் வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு நோட்டோடு வாருங்கள். ஒரு டெய்லர், ஒரு ஆபீஸ் பெண், ஒரு களையெடுக்கிற தாய், மூவரும் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசட்டும். நாம் உட்கார்ந்து கேட்போம்!