பில்பாவோ: ஆறும் இரும்பும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கப்பல்ல முப்பது வருஷம் இருந்தீங்களே, ஏதாவது ஒரு ஊரைப் பத்திப் பேசுங்க" என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். லண்டன், பாரிஸ் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்டது ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பிரதேசத்தில் இருக்கும் பில்பாவோ.

1986-ல் ஜூனியர் என்ஜினீயராக முதல் தடவை அங்கே போனேன். ஊர் கடற்கரையில் இல்லை. நெர்வியோன் ஆற்றின் கழிமுகத்தில் சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே போகவேண்டும். முகத்துவாரத்தைத் தாண்டியதுமே சீஃப் என்ஜினீயர் என்னைக் கூப்பிட்டு, "ஸ்ட்ரெய்னரை அடிக்கடி பார்த்துக்கோப்பா, அடைச்சுக்கும்" என்றார். என்ஜினைக் குளிர்விக்க இழுக்கிற தண்ணீர் அவ்வளவு மோசம். மேலே வந்து பார்த்தால் ஆறு காவி நிறத்தில் இருக்கிறது. நாற்றம் வேறு. இரண்டு கரையிலும் ஆலைகள், கிரேன்கள். பல கிரேன்கள் அசையவே இல்லை. அதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது.

ஊர் பழைய ஊர். 1300-ல் டியெகோ லோபெஸ் டெ ஹாரோ என்ற பிரபு நகரச் சாசனம் கொடுத்தார். உள்நாட்டுக் கம்பளியையும் மலை இரும்பையும் கப்பலேற்றிப் பிழைத்தார்கள். ஆனால் பணம் கொட்ட ஆரம்பித்தது இங்கிலாந்தில் நடந்த ஒரு கண்டுபிடிப்பால். 1856-ல் பெஸ்ஸெமர் மலிவாக எஃகு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு சிக்கல். தாதுவில் பாஸ்பரஸ் இருந்தால் எஃகு நொறுங்கிவிடும். இங்கிலாந்தின் தாதுவில் பெரும்பாலும் பாஸ்பரஸ் உண்டு. பில்பாவோவுக்குப் பக்கத்து மலைகளில் கிடைத்த சிவப்புத் தாதுவில் அது மிகக் குறைவு. மலையும் கடலை ஒட்டியே இருக்கிறது! வெட்டி, ரயிலிலும் கம்பிவட வாளிகளிலும் இறக்கி, நேரே கப்பலில் கொட்டவேண்டியதுதான். திரும்பி வரும் கப்பல் நிலக்கரி கொண்டுவந்தது. 1899 வாக்கில் அந்த மாகாணத்தில் ஆண்டுக்கு சுமார் 60 லட்சம் டன் வெட்டினார்கள். அதில் பெரும்பகுதி இங்கிலாந்துக்குத்தான்.

தாது தோண்டுகிற ஊர்களில் மண் போன பிறகு குழிதான் மிஞ்சும். இங்கே அப்படி ஆகவில்லை. இபார்ரா, சோட்டா போன்ற உள்ளூர்க் குடும்பங்கள் வந்த லாபத்தைக் கப்பலில் போட்டன, உலையில் போட்டன. 1857-லேயே பில்பாவோ வங்கி வந்துவிட்டது. இன்றைய பிபிவிஏ அதன் வாரிசு. 1900-ல் எஸ்கல்துனா கப்பல் கட்டும் தளம், 1902-ல் மூன்று கம்பெனிகளைச் சேர்த்து ஆல்ட்டோஸ் ஓர்னோஸ் எஃகு ஆலை. ஆற்று வாயில் மணல்திட்டில் கப்பல்கள் தட்டுவதை எவரிஸ்டோ டெ சுர்ரூக்கா என்ற பொறியாளர் தீர்த்து வைத்தார். சிவில் படிக்கிறவர்கள் அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் மனுஷனும் உண்டு. சுரங்கத் தொழிலாளி கம்பெனி கொட்டடியில்தான் படுக்கணும், கம்பெனிக்கு வேண்டியவன் கடையில்தான் சாமான் வாங்கணும். 1890-ல் பெரிய வேலைநிறுத்தம். ராணுவத்தோடு வந்த ஜெனரல் லோமா, தொழிலாளி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று கண்டு, அந்தக் கட்டாயங்களை நீக்கவும் வேலை நேரத்தைச் சராசரி 10 மணியாக்கவும் சமரசம் செய்துவைத்தார். ஆற்றின் இடது கரையில் ஆலையும் தொழிலாளர் குடியிருப்பும், வலது கரையில் கடலுக்குப் பக்கம் முதலாளிகளின் மாளிகைகள். இரண்டையும் இணைப்பது 1893-ல் திறந்த தொங்கு மேடைப் பாலம். பாலத்தில் சாலை கிடையாது. உயரத்தில் ஒரு இரும்பு உத்தரம், அதிலிருந்து கம்பியில் தொங்கும் மேடை ஆட்களையும் வண்டிகளையும் சுமந்துகொண்டு போய் வரும். உலகத்திலேயே இந்த மாதிரியில் அதுதான் முதல் பாலம். நானும் ஏறிப் பார்த்தேன்.

நான் போன சமயம் எல்லாம் சாயத் தொடங்கியிருந்தது. 1970-களின் எண்ணெய் விலை, ஆசிய நாடுகளின் போட்டி, கப்பலுக்கு ஆர்டர் இல்லை. 1983 ஆகஸ்டில் வெள்ளம் பழைய நகரத்தையே மூழ்கடித்திருந்தது. 1984-ல் எஸ்கல்துனா தொழிலாளர்கள் தெருவில் போராடினார்கள். ஒருவர் உயிர் போயிற்று. 1988-ல் தளத்தை மூடினார்கள். 1996-ல் எஃகு ஆலையின் உலைகளும் அணைந்தன. அந்த இடத்தில் வந்த மின் உலை ஆலைக்குத் தேவைப்பட்ட ஆட்கள் மிகச் சிலர்.

இப்போது யாரைக் கேட்டாலும், "1997-ல குகன்ஹைம் மியூசியம் கட்டினாங்க, ஊர் பிழைச்சுது" என்பார்கள். பிராங்க் கெரி வடிவமைத்த கட்டிடம். முதல் வருஷமே பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள், உண்மைதான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். சாக்கடைத் திட்டம் போட்டது 1979-ல். அதற்கான காசைத் தண்ணீர்க் கட்டணத்தோடு வீட்டுக்கு வீடு வசூலித்தார்கள். பெரிய சுத்திகரிப்பு நிலையம் 1990-ல் ஓடத் தொடங்கியது. துறைமுகத்தைக் கடல் பக்கம் தள்ளிக் கரையைக் காலி செய்தார்கள். 1992-ல் அமைத்த 'பில்பாவோ ரியா 2000' காலி நிலத்தை வீடு கட்ட விற்று, அந்தப் பணத்தில் ரயில் பாதை, நடைபாதை வேலைகளைச் செய்தது. 1995-ல் மெட்ரோ. மியூசியம் அதற்கும் பிறகு. நாறும் ஆற்றங்கரையில் டைட்டானியத் தகடு போர்த்தி என்ன பயன்?

இன்னொரு விஷயம் வரி. பாஸ்க் மாகாணங்கள் வரியைத் தாங்களே வசூலித்து, ஒரு பங்கை மாட்ரிட்டுக்குக் கட்டும். 1878-ல் வந்த ஏற்பாடு. உள்நாட்டுப் போரில் எதிர்ப்பக்கம் நின்றதற்காக 1937-ல் ஃபிராங்கோ இந்த மாகாணத்திடமிருந்து அதைப் பிடுங்கினார். 1981-ல் திரும்பக் கிடைத்தது. கையில் காசு இல்லாமல் இத்தனையும் நடந்திருக்காது. மியூசியம் கட்டினால் போதும் என்று அதைப் பார்த்துக் கிளம்புகிற மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கேட்பதில்லை.

2004-ல் மறுபடி போனேன். ஆற்றில் நாற்றம் இல்லை. ஒரு பையன் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். எஸ்கல்துனா இருந்த இடத்தில் இசை அரங்கம், கடல்சார் மியூசியம், ஞாபகத்துக்கு விட்டுவைத்த ஒரு சிவப்பு கிரேன். அதற்குப் பெயர் கரோலா. அந்தப் பெயரில் ஒரு அழகான பெண் தினமும் படகில் ஆற்றைக் கடப்பாளாம், தொழிலாளிகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்களாம். அங்கே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்தக் கிரேன் அடியில் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தளத்தில் வெல்டராக இருந்தவர். எங்கள் ஏஜென்சிப் பையன் மொழிபெயர்த்தான். வயசு ஐம்பது ஆகுமுன்பே பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். "சோத்துக்குக் குறையில்லை. காலையில எழுந்தா போறதுக்கு இடம் இல்லை" என்றார். குகன்ஹைம் பார்த்தீர்களா என்று கேட்டேன். பேரன் பள்ளிக்கூடத்தோடு போய் வந்தானாம். இவர் போகவில்லை. நான் என்ஜின் ரூம் ஆள் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, எங்கள் கப்பலை எந்தத் தளத்தில் கட்டினார்கள், தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாடு ஆறிவிடும்.